நான்காம் எண் லாரியின் சுத்தமான ஃபில்டர்

அனுப்புநர்:
ஃபிட்டர், ஏர் ஃபில்டர் பிரிவு,
தண்ணீர் லாரிப் பணிமனை.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
தண்ணீர் வழங்கல் வாகனப் பிரிவு,
தலைமை அலுவலகம், இரண்டாம் தளம்.

நகல்:
இயக்குநர் அவர்கள், தலைமை அலுவலகம், மூன்றாம் தளம்.

பொருள்: நான்காம் எண் லாரியில் ஏர் ஃபில்டர் பொருத்தாமல் விட்டதாக என்மீது சுமத்தப்பட்டுள்ள குற்றச்சாட்டை மறுத்தும், அந்த ஃபில்டர் கிடைத்த இடத்தைத் தெரிவித்தும், வியாழக்கிழமை நடக்கவுள்ள விசாரணையில் ஒரு கேள்வியைச் சேர்க்கக் கோரியும் மனு.

பார்வை: 1. எனக்குக் கடந்த வெள்ளிக்கிழமை கொடுக்கப்பட்ட குற்றக் குறிப்பாணை. 2. ஃபில்டர் சுத்தம் பற்றிய தங்கள் சுற்றறிக்கை. 3. நான்காம் எண் லாரி ஓட்டுநரின் எழுத்துமூல வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்தப் பணிமனையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் லாரி கழுவும் இடத்தில் இருந்தேன். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஃபில்டர் அறையில். இருபத்தாறு லாரிகளின் ஏர் ஃபில்டர்களும் என் கை வழியாகத்தான் போய் வருகின்றன. என்னைவிட மூத்த ஓட்டுநர்கள்கூட என்னை ‘ஃபில்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு மெமோ வந்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் பெயர் சுத்தமாக இருக்கிறது என்பதையே ஒருவர் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

2. பார்வை மூன்றில் கண்ட ஓட்டுநர் என் கணவர். குறிப்பாணையில் இந்த விவரம் எங்கும் இல்லை. பணிமனையில் இது தெரியாதவர் யாரும் இல்லை என்பதால் எழுதாமல் விட்டிருக்கலாம். இந்த மனுவில் இனி அவரை ‘மேற்படி ஓட்டுநர்’ என்றே குறிப்பிடுகிறேன். கணவர் என்று எழுதினால் மனு வேறு எங்கேயோ போய்விடுகிறது. அப்படி எழுதிய இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

3. குற்றச்சாட்டு இதுதான். கடந்த மாதம் இருபதாம் தேதி, நான்காம் எண் லாரி முழுத் தண்ணீரோடு மேட்டில் ஏறும்போது இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஃபோர்மேன் போய்த் திறந்து பார்த்தபோது ஏர் ஃபில்டர் இருக்க வேண்டிய டப்பா காலியாக இருந்தது. அந்த மாதம் முதல் திங்கட்கிழமை மாதாந்திர ஃபில்டர் ஆய்வு முடிந்த கையோடு ஃபில்டரைச் சுத்தம் செய்வதற்காக ஃபில்டர் பிரிவு கழற்றி எடுத்ததாகவும், திரும்பப் பொருத்தாமல் டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டதாகவும் மேற்படி ஓட்டுநர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே என்னை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஃபில்டர் பிரிவு என்பது நான் ஒருத்திதான். அங்கே வேறு ஆள் கிடையாது.

4. தாங்கள் நிர்வாகம் படித்தவர். இன்ஜினைப் பற்றி நான் சொல்வதில் அதிகப்பிரசங்கித்தனம் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். லாரி இன்ஜின் டீசலை மட்டும் குடிப்பதில்லை. அதைவிடப் பல மடங்கு காற்றைக் குடிக்கிறது. நம் லாரிகள் போய் வரும் நீர்த்தேக்கச் சாலையில் பதினொரு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது. இரண்டு பக்கமும் கல் உடைக்கும் ஆலைகள். முன்னால் ஒரு லாரி போனால் பின்னால் வருகிற ஓட்டுநருக்குத் தன் வண்டியின் முகப்பே தெரியாது. அந்தத் தூசி இன்ஜினுக்குள் போய் ஆயிலோடு சேர்ந்தால், வால்வு தேய்க்க நாங்கள் பயன்படுத்தும் பேஸ்ட் போல ஆகிவிடும். பிஸ்டன் ரிங்கையும், பிஸ்டன் ஏறி இறங்கும் லைனரையும் உள்ளுக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. முதலில் ஆயில் குறையும். பிறகு புகை வரும். பிறகு ஒருநாள் நின்றுவிடும். இது நடக்காமல் நடுவில் நிற்பது மடிப்பு மடிப்பான ஒரு காகித உருளை மட்டுமே.

5. புது ஃபில்டர் வந்தாலும் அப்படியே எடுத்து மாட்ட மாட்டேன். அறையின் கதவைச் சாத்திவிட்டு, ஃபில்டருக்குள் எரிகிற பல்பு ஒன்றை இறக்கி, சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். காகிதத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் பொட்டு வைத்தது போலத் தெரியும். அதை ஒதுக்கிவிடுவேன். தேறினதில் பச்சை பெயின்ட்டால் லாரி எண்ணும் தேதியும் எழுதி, ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, அதன் பிறகுதான் டப்பாவை மூடுவேன். இதைச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஃபில்டர் அறைக்கு வந்த முதல் மாதமே நானாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் இது.

6. ஓர் ஆண்டுக்கு முன், ஓட்டுநர்கள் சீல் கிழிந்த ஃபில்டரோடு ஓட்டுகிறார்கள் என்றும், மாதம் ஒருமுறை ஃபில்டர்களை ஆய்வு செய்ய வேண்டும் என்றும் தங்களுக்கு எழுதியவள் நான்தான். தாங்கள் என்னை நேரில் அழைத்து, உட்காரச் சொல்லி, பாராட்டினீர்கள். அந்த அறையில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகிற குழாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், விரலில் தூசி வந்தால் ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் என்று சொன்னேன். சரி என்றீர்கள்.

7. ஆனால் வந்த சுற்றறிக்கையில் குழாயும் இல்லை, விரலும் இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஃபில்டர் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கப்படும், துணியில் அழுக்குப் பட்டால் ஓட்டுநருக்கு மெமோ, மூன்று மெமோ ஆனால் வண்டியிலிருந்து இறக்கம் என்று இருந்தது. ஐயா, டீயை வடிகட்டிய பிறகு வடிகட்டியில் தூள் இல்லையென்றால், தூள் டம்ளரில் இருக்கிறது என்று பொருள். அந்தச் சாலையில் நேர்மையாக ஓடிய ஃபில்டர் பத்தே நாளில் கறுத்துவிடும். கறுக்க வேண்டும். அதுதான் அதன் வேலை. தங்கள் சுற்றறிக்கை வேலை செய்த ஃபில்டருக்குத் தண்டனையும், வேலை செய்யாத ஃபில்டருக்குப் பாராட்டும் வைத்தது.

8. இதை நான் சொல்லாமல் இல்லை. சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாள் இரண்டாம் தளத்துக்கு வந்து, தங்கள் மேசைக்கு முன்னால் நின்று, இதே டீ வடிகட்டி உதாரணத்தைச் சொன்னேன். தாங்கள் சிரித்தீர்கள். மஞ்சள் தாள் ஒன்றில் குறித்துக்கொண்டு, “நல்ல பாயின்ட்டும்மா, மாத்திடலாம்” என்று சொன்னீர்கள். நான் மாடிப்படி இறங்கி வரும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அடுத்த சுற்றறிக்கையில் மாற்றம் வந்தது உண்மைதான். மிகச் சுத்தமான ஃபில்டர் வைத்திருக்கும் ஓட்டுநருக்கு ஆண்டு விழாவில் சான்றிதழ் என்று ஒரு வரி கூடியிருந்தது. எனக்குக் கொடுத்த குற்றக் குறிப்பாணையின் நான்காம் பத்தியில், “ஆய்வு முறையில் குறை ஏதும் இருப்பதாக ஃபில்டர் பிரிவு எந்தக் காலத்திலும் நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை” என்று எழுதியிருக்கிறது. கீழே தங்கள் கையெழுத்து இருக்கிறது. வாயால் சொன்னதற்கு ரசீது வாங்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

9. மேற்படி ஓட்டுநருக்கு முதல் இரண்டு ஆய்விலும் இரண்டு மெமோ வந்தது. இதைப் பதிவு செய்வது அவசியம். அந்த இரண்டு மாதமும் அவர் ஃபில்டரை ஒழுங்காகப் போட்டுத்தான் ஓட்டினார். ஃபில்டர் கறுத்திருந்தது. யோக்கியமாக ஓட்டியதற்காகவே மெமோ வாங்கினார். மூன்றாவது வந்தால் பதினேழு ஆண்டுகளாக ஓட்டிய வண்டியை விட்டுவிட்டு அலுவலக வாசலில் காவல் நிற்க வேண்டும். அவரைக் காப்பாற்றுவதற்காக இதை நான் எழுதவில்லை. நடந்தது இது.

10. மூன்றாம் மாதம் அவருக்குப் புது ஃபில்டர் மாட்டிக் கொடுத்தேன். அதற்கடுத்த ஆய்வில் நான்காம் எண் லாரியின் ஃபில்டரைத் தாங்களே துடைத்தீர்கள். துணி வெள்ளையாக இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. எட்டு மாதம் அப்படியே. மற்ற லாரிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்றும் நான், நான்காம் எண்ணுக்கு எட்டு மாதமாக மாற்றவில்லை. அந்த லாரியின் ஃபில்டர் அட்டையில் ஒவ்வொரு முறையும் ‘நல்ல நிலை’ என்று எழுதினேன்.

11. இங்கே என் தவறு ஒன்று இருக்கிறது. அதை யாரும் குற்றக் குறிப்பாணையில் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். அந்தச் சாலையில் எட்டு மாதம் ஓடிய ஃபில்டர் வெள்ளையாக இருக்க முடியாது. இதை இந்தப் பணிமனையில் நன்றாகத் தெரிந்தவள் நான். வேறு எந்த லாரியாக இருந்தாலும் முதல் மாதமே குழாய்க்குள் விரலை விட்டிருப்பேன். நான்காம் எண்ணில் விடவில்லை. எனக்காகத்தான் அவர் வண்டியை இவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார், முன்னால் போகும் லாரிக்கு வழி விட்டுத் தூசி அடங்கிய பிறகு மெதுவாக வருகிறார், என் பிரிவுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைக்கிறார் என்று நான் நம்பினேன். அப்படி அவர் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். ஆண்டு விழாவில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது முதலில் கை தட்டியது நான்தான். தாங்கள் மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். சான்றிதழ் சட்டம் போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது.

12. மேற்படி ஓட்டுநர் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தது புதன்கிழமை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, எல்லாப் பாத்திரங்களையும் கழுவி வைத்தார். இருபத்தொரு வருடத்தில் அவர் தன் டம்ளரைக்கூடக் கழுவியவர் இல்லை. “என்ன இன்னைக்கு அதிசயமா?” என்று கேட்டேன். “நீயும் நாள் முழுக்கத் தூசியில நிக்கறே இல்ல” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியாழக்கிழமை வேலைக்குப் போனதும் அதைப் பற்றி ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வெள்ளிக்கிழமை குறிப்பாணை கையில் வந்த பிறகுதான் அவர் ஏன் திருப்பிக்கொண்டார் என்பது தெரிந்தது. வியாழக்கிழமையே பணிமனை முழுவதற்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

13. வெள்ளிக்கிழமை மாலை மேற்படி ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். “எனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு. உன் மேல ஒண்ணுமே கிடையாது. உன்னை என்ன பண்ணிடப் போறாங்க, கூப்பிட்டு ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டுடுவாங்க. என்னை விட மாட்டாங்க.” என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். “கேட்டா நீ ஒத்துக்க மாட்டே” என்றார். ஃபில்டர் எங்கே என்று கேட்டேன். “எங்கேயோ தூக்கிப் போட்டுட்டேன், அதை விடு” என்றார். பிறகு டிவியைப் போட்டார்.

14. கேட்டிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. திட்டியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அதன் பிறகு போய் என் தவறுதான் என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன். அவர் கேட்டிருந்தால் கொடுத்திருக்கக் கூடியதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். இது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்று தாங்கள் கருதினால் இந்தப் பத்தியை நீக்கிவிட்டுப் படிக்கலாம். எனக்கு நீக்கத் தெரியவில்லை.

15. ஃபில்டர் கிடைத்த விவரம்: ஞாயிற்றுக்கிழமை, விசாரணைக்குப் போட்டுக்கொண்டு வர நல்லதாக ஒரு யூனிஃபார்ம் வேண்டும் என்று படுக்கையறைப் பரணில் தேடினேன். பழைய நீல மேலங்கி ஒன்று சுருட்டி வைத்திருந்தது. கனமாக இருந்தது. பிரித்தால் உள்ளே ஃபில்டர். பச்சை பெயின்ட்டில் ‘4’ என்றும், நான் மாட்டிய தேதியும் என் கையெழுத்திலேயே இருந்தன. படுக்க வைத்தால் மடிப்பு நசுங்கும், மேலே எதையும் வைக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது என்று பல வருடங்களுக்கு முன் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தபடியே நிமிர்த்தி, பக்கத்தில் ஒன்றும் இடிக்காமல், பத்திரமாக வைத்திருந்தார். எட்டு மாதம் நான் அதற்குக் கீழேதான் தூங்கி எழுந்திருக்கிறேன்.

16. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் மேற்படி ஓட்டுநர் பெரிய பை ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். ஆய்வு நாளில் சட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், துண்டு வேண்டும் என்பார். பை கனமாக இருக்குமே என்று வாசல்வரை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை, “இவ்வளவு பெரிய பையில ஒரு சட்டைதானா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி போறீங்க” என்று கேலிகூடச் செய்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. பயந்துபோய்ச் செய்தார் என்றால் பயந்தவர் அப்படிச் சிரிக்க மாட்டார்.

17. திங்கட்கிழமை அந்த ஃபில்டரை என் அறைக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, பல்பை உள்ளே இறக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. ஒன்பது ஆண்டுகளில் என் கையில் இதைவிட நல்ல ஃபில்டர் வந்ததில்லை. மாட்டியபடியே விட்டிருந்தால் அந்த இன்ஜின் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தேதியைப் படித்தார், காகித மடிப்பை விரித்துப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். “இதை வெளிய எடுக்காதேம்மா. வீட்டு விஷயத்தை வீட்டோட முடிச்சுக்கோ” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு லாரி கழுவும் இடத்திலிருந்து இந்த அறையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

18. தொழிற்சங்கச் செயலாளரும் வந்தார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டால் தங்களிடம் பேசிப் பணிநீக்கத்தைப் பதவி இறக்கமாக மாற்றித் தருவதாகவும், பழையபடி லாரி கழுவும் இடத்தில் இடம் இருப்பதாகவும், மேற்படி ஓட்டுநரின் வண்டியும் தப்பித்துவிடும் என்றும் சொன்னார். “ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும், குடும்பம் ஓடும், வேற என்ன வேணும்?” என்று கேட்டார். எல்லோரும் எனக்காக யோசித்து, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் அந்த யோசனையில் கலந்துகொள்ளவில்லை.

19. ஆகவே என் தரப்பை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்குப் பிறகு நான் கழற்றியதாகச் சொல்லப்படும் ஃபில்டர், எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியோடு, பெட்டியிலிருந்து எடுத்தது போல வெள்ளையாக இருக்கிறது. ஒன்று, நீர்த்தேக்கச் சாலையில் தூசியே கிடையாது. இல்லையென்றால் இந்த ஃபில்டர் அந்தச் சாலைக்குப் போனதே கிடையாது. காகித ஃபில்டரை எதில் கழுவினாலும் பழைய வெள்ளை திரும்பாது, நார் பிரிந்துவிடும். எந்தப் பணிமனை ஆளை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கலாம். இன்ஜினைப் பிரித்த ஃபோர்மேனிடம், லைனர் அந்த அளவு தேய எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டார். கேட்காவிட்டால் தானாகவும் சொல்ல மாட்டார்.

20. வேறொரு அவசரமான விஷயம். ஃபில்டர் என் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மூத்த ஓட்டுநர் ஒருவர் என் அறைக்கு வந்தார். “அக்கா, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. நாங்க இன்னும் ஏழு பேர் இப்படித்தான் ஓட்டறோம். உங்க வீட்டுக்காரர்தான் வழி சொன்னார்” என்றார். ஏழு லாரிகள் இன்றும் ஃபில்டர் இல்லாமல் அந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபில்டர்கள் ஏழு வீடுகளில் அலமாரிக்குள் சுத்தமாக இருக்கின்றன. அந்த லாரிகளின் எண்களை நான் எழுதப் போவதில்லை. அடுத்த ஆய்வை முன்கூட்டியே அறிவிக்காமல், வெள்ளைத் துணியை வைத்துவிட்டு, குழாய்க்குள் விரலை விடச் சொல்லுங்கள். அவர்களைத் தண்டிக்காமல் ஃபில்டரை மாட்ட வையுங்கள். தண்டித்தால் இதைவிட நல்ல மறைவிடம் கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

21. எனவே தாங்கள் என்மீதான குற்றச்சாட்டை ரத்து செய்து, ரத்து செய்த காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவிட்டதாக எழுத வேண்டாம். நான் ஃபில்டரைப் பொருத்தினேன் என்று எழுத வேண்டும். குறிப்பாணையின் நான்காம் பத்தியில் உள்ள வாசகத்தை நீக்க வேண்டும். அந்த மஞ்சள் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு தாள் இருந்தது என்பதைத் தாங்கள் நினைவுபடுத்திக்கொண்டால் போதும். லாரி கழுவும் இடத்துக்குத் திரும்பிப் போக நான் சம்மதிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

22. கடைசியாக, விசாரணையில் சேர்க்க வேண்டிய கேள்வி. மேற்படி ஓட்டுநரைக் காலையிலும் என்னைப் பிற்பகலிலும் தனித்தனியாக விசாரிப்பதாகக் குறிப்பாணையில் உள்ளது. அப்படி வேண்டாம் ஐயா. இரண்டு பேரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வையுங்கள். ஃபில்டரைக் கழற்றியது யார் என்று அவரிடம் கேட்க வேண்டியதில்லை. அது ஃபில்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏன் கழற்றினார் என்றும் கேட்க வேண்டாம். அதற்குத் தங்கள் சுற்றறிக்கையே பதில். கேட்க வேண்டியது இது ஒன்றுதான்: வாக்குமூலத்தில் ‘ஃபில்டர் பிரிவு’ என்று எழுதிய அந்த நிமிடத்தில், அது யார் என்று அவர் நினைத்துப் பார்த்தாரா?

23. வீட்டில் இதை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் டிவி சத்தம்தான் கூடியது. தங்கள் அறையில் டிவி இல்லை. விசாரணை அதிகாரி கேட்டால் பணியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று பணி விதி இருக்கிறது. மனைவி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன். அவர் ஆமாம் என்று சொன்னாலும் சரி, இல்லை என்று சொன்னாலும் சரி, சொன்னதை அப்படியே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, எனக்கு ஒரு பிரதி தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பிரதியைப் பணிமனை முகவரிக்கு அனுப்பவும். வீட்டு முகவரிக்கு வேண்டாம்.

நாள்: செவ்வாய்க்கிழமை, விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு
இடம்: ஃபில்டர் அறை, பணிமனை

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
ஃபிட்டர், ஏர் ஃபில்டர் பிரிவு

இணைப்பு:
1. நான்காம் எண் லாரியின் ஏர் ஃபில்டர், ஒன்று. நிமிர்த்தி வைக்கவும்.
2. அதே லாரியின் ஃபில்டர் அட்டை, எட்டு மாதப் பதிவுகளுடன்.
3. ஆண்டு விழாச் சான்றிதழ், சட்டத்துடன்.